அவிழத் தெரிந்த உறை

தேமல் நோய் கண்ட புகையிலை இலைகளைப் பிழிந்து எடுத்த சாறு அது. கெடாமலிருக்க எந்த மருந்தும் கலக்காமல் அடைத்து வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சாற்றை எடுத்து, நோயில்லாத ஒரு புகையிலைச் செடியின் இலையில் தேய்த்துப் பார்த்தார்கள். நோய் வந்துவிட்டது. 1965-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான செய்தி இது. முதல் தடவை படித்தபோது, எண்ணைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று திரும்பப் போய்ச் சரிபார்த்தேன். ஐந்து இல்லை, ஐம்பதுதான்.

நம்ப முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நோயைத் தருகிற வைரஸுக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழை. உயிர்ப்பொருள்களில் அதைப்போல எளிதில் சிதைவது குறைவு. நம் விரல் நுனியின் வியர்வையில் இருக்கும் நொதி போதும், அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்பவர்கள் கையுறை போடாமல் புட்டியின் மூடியைக்கூடத் தொட மாட்டார்கள். அப்படிப்பட்ட இழை, நொதிகளும் பாக்டீரியாக்களும் மிதக்கும் இலைச் சாற்றில் அரை நூற்றாண்டு கிடந்திருக்கிறது. அதைக் காத்தது, சுற்றிலும் இருந்த புரதத்தாலான உறை.

இதோடு நின்றிருந்தால், கெட்டியான உறை என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே உறை, புகையிலைச் செல் ஒன்றுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அவிழத் தொடங்குகிறது. ஐம்பது ஆண்டு பிடித்திருந்த பிடியை எப்போது விட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? மூளை இல்லை, நரம்பு இல்லை, செலவழிக்கத் தனக்கென்று ஆற்றலும் இல்லை. தாவர வைரஸ்களைப் பற்றி எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான்.

தோலில் படரும் வெளிர்த் திட்டுகளைத் தேமல் என்கிறோம். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரிகிற இந்த நோய்க்கும் நம் வேளாண் துறையினர் அதே பெயரை வைத்தார்கள். அருமையான பெயர். ஆங்கிலத்தில் 'மொசைக்' என்கிறார்கள், சில்லுகள் பதித்த தளத்தை நினைத்து. தேமல் என்ற சொல்லில் இலையும் ஒரு தோல்தான் என்ற உணர்வு கூடுதலாக இருக்கிறது.

புகையிலைத் தேமல் தொற்றும் நோய் என்று 1886-இல் நெதர்லாந்தில் அடோல்ஃப் மேயர் காட்டினார். பாக்டீரியாவைத் தடுக்கும் நுண்வடிகட்டியில் வடித்த பிறகும் சாறு தொற்றுகிறது என்று 1892-இல் ரஷ்யாவின் இவானொவ்ஸ்கி கண்டார். 1898-இல் பெயரிங்க், இது பாக்டீரியாவே இல்லை, வேறொரு வகைத் தொற்றுப்பொருள் என்று துணிந்து சொன்னார். வைரஸ் என்ற கருத்தே இந்தப் புகையிலைச் சாற்றிலிருந்துதான் பிறந்தது.

1935-இல் அமெரிக்காவில் வெண்டெல் ஸ்டான்லி, நோயுற்ற இலைகளை டன் கணக்கில் அரைத்து, சாற்றைப் பலமுறை சுத்திகரித்து, ஊசி ஊசியான படிகங்களைப் பிரித்தெடுத்தார். உப்புப் படிகம்போல, சர்க்கரைப் படிகம்போல வைரஸையும் படிகமாக்க முடிந்தது உலகத்தையே உலுக்கியது. உயிருள்ளது எப்படிப் படிகமாகும் என்று பத்திரிகைகள் கேட்டன. அந்தப் படிகம் முழுக்கப் புரதமே என்று ஸ்டான்லி சொன்னார். அதில்தான் தவறிவிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பாடனும் பிரியும் அதில் பாஸ்பரஸ் இருப்பதைக் கண்டு, நூற்றுக்கு ஐந்து பங்கு ஆர்.என்.ஏ. என்று காட்டினார்கள். 95 பங்கு உறையைப் பார்த்தவர் 5 பங்கு உயிர்நாடியைத் தவறவிட்டிருந்தார். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பு அதற்குத் தகுதியானதுதான். ஆனால் வைரஸ் என்றால் புரதம் என்ற எண்ணம் ஆய்வாளர்கள் மனத்தில் இருபது ஆண்டுகள் நீங்காமல் இருந்தது.

1955-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஃப்ரெங்கல்-கான்ராட்டும் ராப்லி வில்லியம்ஸும் செய்த சோதனை, கேட்பதற்கு எளிமையானது. வைரஸைப் பிரித்துப் புரதத்தை ஒரு குழாயிலும் ஆர்.என்.ஏ.வை ஒரு குழாயிலும் எடுத்தார்கள். இரண்டையும் திரும்பக் கலந்தார்கள். வைரஸ் தானாகவே கூடிக்கொண்டது, தொற்றவும் செய்தது. கட்டிக்கொடுக்க யாரும் இல்லை, செல் இல்லை, வெறும் கண்ணாடிக் குழாய். அடுத்த ஆண்டு, உறையே இல்லாத ஆர்.என்.ஏ. மட்டும் இலைக்குள் போனாலும் நோய் வரும் என்று பெர்க்லியிலும், ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கீரரும் ஷ்ரமும் தனித்தனியே காட்டினார்கள். ஒரு வகை வைரஸின் உறையை இன்னொரு வகையின் ஆர்.என்.ஏ.வுக்குப் போட்டால், செடியில் பிறக்கும் புதிய வைரஸ்கள் ஆர்.என்.ஏ. யாருடையதோ அவருடைய உறையையே அணிந்து வந்தன.

எண்ணம் இப்போது மறுகோடிக்குப் போனது. எல்லாமாக இருந்த உறை, ஒரே ஆண்டில் கடிதத்தைச் சுற்றிய காகிதமாகிவிட்டது. உள்ளே இருக்கும் செய்திதானே முக்கியம், உறை எப்படி இருந்தால் என்ன? பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்றும் இந்தத் தொனிதான். ஸ்டான்லியின் தவறைவிட இது பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். அந்த உறையின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பூக்காரம்மா மல்லிகை தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நார் ஒன்று, பூக்கள் நூறு. ஒவ்வொரு பூவும் நாரில் ஒரே அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். புகையிலைத் தேமல் வைரஸில் நார் ஆர்.என்.ஏ., பூ உறைப்புரதம். பூக்கள் ஏறத்தாழ 2,130. எல்லாம் ஒரே வார்ப்பு. ஒவ்வொன்றும் 158 அமினோ அமிலங்களால் ஆனது. ஒவ்வொரு பூவும் நாரில் மூன்றே மூன்று எழுத்துகளைப் பற்றிக்கொள்கிறது. 2,130-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 6,390. இழையின் நீளம் ஏறத்தாழ 6,400 எழுத்துகள். ஒரு எழுத்துகூட வெளியே தொங்காத அளவுக்கு நெருக்கமாகத் தொடுத்த சரம்.

இந்தச் சரத்தை, பானைக்கு அடியில் வைக்கும் புரிமணையைப்போலச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் நடுவில் துளையுள்ள குழல் கிடைக்கும். மூன்று சுற்றுக்கு 49 பூக்கள், மொத்தம் சுமார் 130 சுற்றுகள். குழலின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இப்படி மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழல்களை வரிசையாகப் படுக்கவைக்கலாம்.

ஆர்.என்.ஏ. குழலின் நடுத்துளைக்குள் ஓடவில்லை, புரதச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்று காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. படத்துக்காகத்தான் அவரை நமக்குத் தெரியும். அந்த வேலையை விட்டு வந்த பிறகு, 1953 முதல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் அவர் செய்தது முழுக்க வைரஸ் ஆய்வு. எக்ஸ் கதிர்களை வைரஸ் குழல்கள்மேல் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளை அளந்து, இழை மையத்திலிருந்து நான்கு நானோமீட்டர் தொலைவில் சுருண்டு ஓடுகிறது என்று 1956-இல் கணித்தார். 1958 ஏப்ரல் 16 அன்று, 37 வயதில், புற்றுநோயால் இறந்தார். மறுநாள் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி தொடங்கியது. அதில் அவருடைய குழுவினர் செய்த வைரஸ் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவரோடு வேலை செய்த ஆரன் க்ளூக் அந்த ஆய்வைத் தொடர்ந்து, 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

க்ளூக்கும் பட்லரும் கண்டறிந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பூக்கள் ஒவ்வொன்றாக வந்து நாரில் சேர்வதில்லை. முதலில் பதினேழு பதினேழாக இரண்டு அடுக்கு கொண்ட தட்டாகக் கூடிக்கொள்கின்றன, நடுவில் துளையுள்ள வடைபோல. ஆர்.என்.ஏ. இழை தன் நுனியை நுழைப்பதில்லை. நுனியிலிருந்து ஆயிரம் எழுத்துகள் தள்ளி உள்ளே ஓர் இடத்தில் மடிந்து, அந்த மடிப்பைத் துளைக்குள் நுழைக்கிறது. மடிப்பு நுழைந்ததும் தட்டு சற்றே திருகிச் சுருளாகிறது. அப்புறம் அடுத்த தட்டு. இழை துளைவழியே மேலே மேலே இழுபட்டுக்கொண்டே போகிறது. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வேறு ஆர்.என்.ஏ.க்கள் மிதக்கும்போது, தன்னுடையது எது என்று உறைப்புரதம் அந்த மடிப்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

இப்படிக் கட்டியதை அவிழ்ப்பது எப்படி?

முதலில் அது செல்லுக்குள் போக வேண்டும். நம் உடலைத் தாக்கும் வைரஸ்கள் செல்லின் மேற்பரப்பில் ஒட்டுவதற்கு ஒரு பிடியைத் தேடும். தாவரச் செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் மதில் இருக்கிறது. அந்த வழி எடுபடாது. காயம் வேண்டும். பெரிய காயமும் உதவாது, செல் செத்துவிடும். இலையின் மேலுள்ள ஒரு மயிர் முறிகிற அளவுக்குச் சின்னக் காயம் போதும். அதனால்தான் ஆய்வகத்தில் இலைமேல் நுண்ணிய உரைபொடியைத் தூவி, வைரஸ் சாற்றை விரலால் தேய்க்கிறார்கள். தோட்டத்தில் சட்டை உரசுவதே போதும்.

குழலின் உறையில் அடுத்தடுத்த புரதங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில், ஒரே மின்சுமை கொண்ட அமிலக் குழுக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒன்றையொன்று தள்ளத்தான் செய்யும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்ததுபோல. நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டால் பந்தி நடக்கும். இங்கே அந்தப் பெரியவர் கால்சியம் அயனி. சில இடங்களில், அமிலச் சூழலிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி. செல்லுக்கு வெளியே கால்சியமும் உண்டு, இலேசான அமிலத்தன்மையும் உண்டு. செல்லின் உள்ளே கால்சியம் பல ஆயிரம் மடங்கு குறைவு. அமிலத்தன்மையும் கிட்டத்தட்ட இல்லை. உள்ளே வந்ததும் பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பங்காளிகள் விலகுகிறார்கள். உறை நெகிழ்கிறது.

இந்த எதிரெதிர்க் குழுக்கள் உறையின் குறையாகத்தான் தோன்றும். குழலை இன்னும் உறுதியாக்க வேண்டுமானால் அவற்றை எடுத்துவிடலாமே? ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். உறை முன்னைவிட உறுதியானது. ஆனால் செல்லுக்குள் போன வைரஸ் சரியாக அவிழவில்லை. தொற்றும் திறன் குன்றியது. பலவீனம்போல வைத்திருக்கிற அந்த இடம்தான் சாவி நுழையும் துளை.

நெகிழ்ந்தால் போதாது, கழல வேண்டும். ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையில் ஏறத்தாழ எழுபது எழுத்துகள் நீளத்துக்கு, முதல் எழுத்தைத் தவிர 'ஜி' என்ற எழுத்தே கிடையாது. உறைப்புரதத்தின் பிடி 'ஜி' வருகிற இடத்தில்தான் இறுகும். ஆகவே முதலில் கழல்வது அந்த முனை. முனை வெளியே தெரிந்ததும் செல்லின் ரைபோசோம் அதைப் பிடிக்கிறது. செய்தியைப் படித்துப் புரதம் செய்வது ரைபோசோமின் அன்றாட வேலை. யாருடைய செய்தி என்று பார்க்காமல் படித்துக்கொண்டே முன்னேறுகிறது. முன்னேறும்போது வழியில் இருக்கும் உறைப்புரதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறது, சரத்தின் நாரைப் பிடித்துப் பூக்களை உருவுவதுபோல. மைக்கேல் வில்சன் 1984-இல் இதைக் கண்டுபிடித்தார். எதிரியின் உறையைச் செல்லே தன் கையால் கழற்றிக் கொடுக்கிறது. அப்படிப் படித்துச் செய்த முதல் புரதம், ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி. அது மறுமுனையில் ஏறி, மிச்ச உறையையும் கழற்றிக்கொண்டு வருகிறது.

அவிழ்வதுதான் தொற்றின் முதல் படி என்றால், அவிழவிடாமல் செய்தால்? ரோஜர் பீச்சியும் அவருடைய குழுவினரும் 1986-இல் வைரஸின் உறைப்புரத மரபணுவை எடுத்துப் புகையிலைச் செடிக்குள்ளேயே பொருத்தினார்கள். செடி தன் செல்களில் வைரஸின் உறைப்புரதத்தை மட்டும் செய்துகொண்டிருந்தது. அந்தச் செடிகளுக்கு வைரஸைத் தேய்த்தபோது சிலவற்றுக்கு நோய் தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. ஏன் என்று பார்க்க, உறை கழற்றிய வெறும் ஆர்.என்.ஏ.வை உள்ளே செலுத்தினார்கள். பாதுகாப்பு பெரும்பாலும் போய்விட்டது. செல் தடுத்தது வைரஸ் பெருகுவதை இல்லை, அது அவிழ்வதை. செல் முழுக்க உறைப்புரதம் நிரம்பியிருக்கும்போது, கழன்ற பூ இருந்த இடத்தில் இன்னொரு பூ வந்து உட்கார்ந்துகொண்டிருந்தால் சரம் எப்படிப் பிரியும்?

எல்லா வைரஸும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மாட்டுத் தீவனமாக வளர்க்கும் குதிரைமசாலில் ஒரு தேமல் வைரஸ் உண்டு. அதன் வெறும் ஆர்.என்.ஏ.வைச் செடிக்குள் செலுத்தினால் எதுவும் நடப்பதில்லை. கூடவே அதே வைரஸின் உறைப்புரதத்தில் சில மூலக்கூறுகளைச் சேர்த்தால் தொற்று தொடங்கிவிடுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1971-இல் இதை வெளியிட்டார்கள். இழையை மூட அந்த அளவு போதவே போதாது. இழையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவைக்கத்தான் அது. தமிழில் உறை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: காய்ச்சிய பாலில் ஊற்றும் ஒரு கரண்டி மோர். உறை ஊற்றாத பால் விடிய விடிய வைத்தாலும் தயிராகாது. குதிரைமசால் வைரஸின் உறைப்புரதத்துக்கு இதைவிடச் சரியான பெயர் எந்த மொழியிலும் கிடைக்காது.

செடிக்குள்ளே நுழைந்துவிட்ட வைரஸ் அங்கேயே நின்றுவிட்டால் ஓர் இலையில் ஒரு புள்ளியோடு முடிந்துவிடும். பக்கத்துச் செல்லுக்குப் போக, செல்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை அகலப்படுத்தும் தனிப் புரதம் ஒன்றைப் புகையிலைத் தேமல் வைரஸ் செய்துகொள்கிறது. அதற்கு உறை தேவையில்லை. ஆனால் உணவுச் சாறு ஓடும் குழாய்களுக்குள் இறங்கி, நெடுந்தூரம் பயணம் செய்து, மேலேயுள்ள இளந்தளிருக்குப் போக உறைப்புரதம் வேண்டும். அது இல்லாத வைரஸ் தெருவுக்குள் சுற்றும், ஊர் தாண்டாது.

ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போவது அடுத்த சிக்கல். செடிகள் நடப்பதில்லை, தும்முவதில்லை. பெரும்பாலான தாவர வைரஸ்கள் பூச்சிகளை நம்பியிருக்கின்றன. எந்தப் பூச்சி என்பதைத் தீர்மானிப்பதில் உறைக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

வெண்டைக்காய்ச் செடியில் நரம்புகள் மஞ்சளாகி, வலைபோலத் தெரிந்து, காயும் வெளுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். மஞ்சள் நரம்புத் தேமல். உளுந்தில் மஞ்சள் தேமல். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் இலை சுருங்கி வெளிறும் தேமல். அதற்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றின் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. பயிர்கள் வேறு வேறு, வைரஸ்களும் வேறு வேறு. சுமப்பது மட்டும் ஒரே வெள்ளை ஈ. இந்த வைரஸ் குடும்பத்தின் துகள், இரண்டு பந்துகள் ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கும். மிதுன ராசியின் ஆங்கிலப் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு துகளுக்கு உறைப்புரதம் 110. வைரஸ்களின் மற்ற மரபணுக்கள் எவ்வளவு மாறினாலும், வெள்ளை ஈ சுமக்கும் இனங்களில் உறைப்புரதம் மட்டும் பெரிதும் மாறாமல் ஒத்திருக்கிறது. ஈ உறிஞ்சிய சாற்றிலிருந்து குடல் சுவரைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, அடுத்த செடியில் இறங்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் காட்ட வேண்டிய அடையாளம் உறைதான்.

அதற்குச் சான்று 1990-இல் கிடைத்தது. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸ் வெள்ளை ஈயால் பரவுவது. பீட்ரூட் இனப் பயிரைத் தாக்கும் ஓர் உறவு வைரஸ் தத்துப்பூச்சியால் பரவுவது. இங்கிலாந்தில் பிரிடனும் உடன் ஆய்வாளர்களும் மரவள்ளி வைரஸின் உறை மரபணுவை எடுத்துவிட்டு, பீட்ரூட் வைரஸின் உறை மரபணுவை அங்கே வைத்தார்கள். உள்ளே மரவள்ளி வைரஸ், வெளியே பீட்ரூட் வைரஸின் உறை. அதைத் தத்துப்பூச்சி பரப்பியது. இந்த மரவள்ளி வைரஸ் சிலவகைச் செடிகளுக்குள் உறைப்புரதமே இல்லாமலும் பரவிவிடும். செடிக்குள் அதற்கு உறை கட்டாயம் இல்லை, பூச்சிக்குள் கட்டாயம்.

அசுவினியின் கதை வேறு. பப்பாளியில் வளையப்புள்ளி நோய் தரும் வைரஸ் அசுவினியின் உடலுக்குள் போவதில்லை. அசுவினி பப்பாளியில் குடியிருப்பதும் இல்லை. பறந்து வந்து உட்கார்ந்து, ஊசிவாயால் சில விநாடிகள் ருசி பார்த்துவிட்டு, பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்தச் சில விநாடியில் வைரஸ் ஊசிவாயில் தொற்றிக்கொள்கிறது. உறைப்புரதத்தின் முன்முனையில் அஸ்பார்டிக் அமிலம், அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. வைரஸ் செய்யும் இன்னொரு புரதம் ஒரு பக்கம் அந்த மூன்றையும், மறுபக்கம் ஊசிவாயையும் பிடித்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். இந்த வகை வைரஸ்களில் மூன்றில் ஒன்றை மாற்றினாலே அசுவினி சுமப்பது நின்றுவிடலாம். கையால் தேய்த்தால் மட்டும் பழையபடி நோய் வரும்.

இத்தனை வேலை செய்கிற உறையே காட்டிக்கொடுக்கவும் செய்யும். மிளகாய், குடைமிளகாய்க் குடும்பத்தில் 'எல்' என்ற எதிர்ப்பு மரபணு உண்டு. அது செய்யும் புரதம், புகையிலைத் தேமல் வைரஸின் உறவினர்களுடைய உறைப்புரதத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்டதும், தொற்றிய செல்லும் அதைச் சுற்றியுள்ள சில செல்களும் தாமாகவே செத்துவிடுகின்றன. இலையில் ஒரு சிறு பழுப்புப் புள்ளி. வைரஸ் அதற்குள் அடைபட்டது. உறையில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறிய வைரஸ் அந்தக் காவலைத் தாண்டும். அதைப் பிடிக்க 'எல்' மரபணுவின் இன்னொரு வடிவத்தை விதை ஆய்வாளர்கள் தேடினார்கள். எல்-1, எல்-2, எல்-3, எல்-4 என்று அந்தத் துரத்தல் போயிற்று.

அந்த உறவினர்களில் மிளகாயைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2006-இல் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமிருந்த ஆய்வாளர்கள், ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தில் என்னென்ன ஆர்.என்.ஏ. வைரஸ்கள் இருக்கின்றன என்று தேடினார்கள். எல்லாவற்றையும்விட மிகுதியாக இருந்தது மிளகாய் வைரஸ். நாம் தின்னும் மிளகாய்ச் சாந்து, குழம்பு வழியாக வயிற்றுக்குள் போய், இரைப்பையின் அமிலத்தையும் குடலின் நொதிகளையும் தாண்டி, உறை குலையாமல் வெளியே வருகிறது. வந்த பிறகும் செடியைத் தொற்றும் திறனோடு இருக்கிறது. நமக்கு அதனால் நோய் இல்லை. கழிவுநீரில் கொரோனா வைரஸின் அளவைக் கண்காணித்தபோது, மனிதக் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒப்பிடும் அளவுகோலாகப் பல ஊர்களில் இந்த மிளகாய் வைரஸைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

உறைப்புரத ஆய்வால் உழவர்களுக்குக் கிடைத்த பெரிய பயன் ஹவாய்த் தீவுகளில் நடந்தது. வளையப்புள்ளி நோயால் ஓஹு தீவில் பப்பாளி பயிரிட முடியாமல் போய், விவசாயம் பெரிய தீவின் புனா பகுதிக்கு இடம்பெயர்ந்திருந்தது. 1992-இல் நோய் புனாவுக்கும் வந்தது. சில ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகிவிட்டது. அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த டென்னிஸ் கொன்சால்வெஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். வைரஸின் உறைப்புரத மரபணுவைப் பப்பாளியில் பொருத்தி, நோய் தாங்கும் செடியை அவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். 1998-இல் 'ரெயின்போ' விதைகளை உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். செத்துப்போன தோப்புகளுக்கு நடுவே அந்த மரங்கள் பச்சையாக நின்றன.

புகையிலையில் நடந்ததுதான் பப்பாளியிலும் நடந்தது என்று முதலில் நினைத்தார்கள். அப்படி இல்லை. 1992-இல் லிண்ட்போவும் டவுகெர்ட்டியும், புரதமாக மாறவே முடியாதபடி கெடுத்துவிட்ட உறை மரபணுவைச் செடியில் வைத்துப் பார்த்திருந்தார்கள். செடி அப்போதும் தப்பியது. காத்தது புரதம் இல்லை. உள்ளே வைத்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் செடி அன்னியமாகக் கண்டு, துண்டாக்கக் கற்றுக்கொள்கிறது. அதே வரிசையோடு வைரஸ் வரும்போது அதையும் துண்டாக்கிவிடுகிறது. ரெயின்போ பப்பாளியும் இந்த வழியில்தான் தப்பியது. காரணத்தைப் பிழையாக எண்ணித் தொடங்கிய வேலை, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. மரபணு மாற்றுப் பயிர்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து ஏற்பதும் மறுப்பதும் எனக்கு ஒப்பவில்லை. விதையை விலையில்லாமல் உழவர் கையில் கொடுத்த இந்த ஒன்றை நான் மதிக்கிறேன்.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு அந்த வசதி எதுவும் தேவையில்லை. புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளியையும் மிளகாயையும் தாக்கும். இலையைப் பறித்து, காயவைத்து, பதமாக்கி, பீடியாகவும் சிகரெட்டாகவும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையாகவும் ஆன பிறகும் அந்த உறை குலையாமல் இருக்க முடியும். விரலில் ஒட்டிய தூளே போதுமானது. நாற்றைப் பிடுங்கும்போது முறிகிற ஓர் இலைமயிரே அதற்கு வாசல். தக்காளி நாற்று நடப்போகிற அன்று, புகையிலையைத் தொட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பால்பொடி கரைத்த நீரில் கையை அவ்வப்போது நனைத்துக்கொண்டு நாற்றுகளைத் தொடுவதும் பலன் தரும். பசுமைக்குடில்களில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம் அது.